காத்திருப்பின் கணக்கு: கெடுவுக்குள் வேலை முடிக்கும் முறைகள் வளர்ந்த வரலாறு

ஒரு வேலை குறித்த நாளில் முடியாவிட்டால் நாம் முதலில் தேடுவது ஆளைத்தான். யார் மெத்தனமாக இருந்தார், யார் சொல்லாமல் லீவு எடுத்தார், யார் கடைசி வாரம்வரை தள்ளிப்போட்டார் என்றே விசாரணை ஓடுகிறது. வீடு கட்டுவதானாலும், முனைவர் பட்ட ஆய்வேடானாலும், அரசுத் திட்டமானாலும் இந்த விசாரணை ஒரே தடத்தில்தான் போகிறது. கெடுவுக்குள் வேலையை முடிப்பதற்கென்றே தொழில் உலகில் உருவான முறைகளுக்கு இன்று சுமார் நூற்று நாற்பது ஆண்டு வரலாறு உண்டு. அந்த வரலாறும் இதே விசாரணையில்தான் தொடங்கியது. ஆனால் அங்கேயே நின்றுவிடவில்லை.

ஒருவர் எவ்வளவு வேகமாகச் செய்கிறார் என்பது முதலில் எழுந்த கேள்வி. எந்த வேலை எந்த வேலைக்காகக் காத்துக்கிடக்கிறது என்பது அடுத்து வந்தது. நாள் குறிக்கும்போதே நம் மனம் ஏன் தப்புக்கணக்குப் போடுகிறது என்பது மூன்றாவது. இவற்றுள் நடுக்கேள்விதான் கெடுக்களைக் காப்பாற்றியது. அதுவே ஒவ்வொரு தலைமுறையிலும் மறக்கப்பட்டு, மறுபடி கண்டறியப்பட்டது. இதை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஸ்டாப்வாட்சும் சிவப்புக் கோடும்

1880களில் பிலடெல்பியாவின் மிட்வேல் எஃகு ஆலையில் ஃபிரடெரிக் வின்ஸ்லோ டெய்லர் தொழிலாளர்களின் அசைவுகளை நேரம் வைத்து அளக்கத் தொடங்கினார். வேலைக்காரர்கள் வேண்டுமென்றே மெதுவாகச் செய்கிறார்கள் என்பது அவருடைய உறுதியான நம்பிக்கை. ஒரு வேலையைச் சிறுசிறு அசைவுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் நேரம் குறித்து, வீணானவற்றை வெட்டினால் ஒரு நாளில் எவ்வளவு முடியும் என்று சொல்லிவிடலாம் என்றார். இந்தச் சிந்தனை 1911இல் 'அறிவியல் மேலாண்மையின் கோட்பாடுகள்' என்ற நூலாகி உலகெங்கும் பரவியது. டெய்லரின் அளவுகோல் ஓர் ஆள், ஒரு வேலை. அந்த ஆளின் கைக்கு இரும்பு வந்து சேர்ந்ததா, அவருக்கு முந்தைய மேடையில் என்ன நடந்தது என்பதை அவருடைய திட்டமிடல் அலுவலகம் கவனித்தது உண்மைதான். ஆனாலும் அவர் பெயரோடு உலகில் நிலைத்தது ஸ்டாப்வாட்ச்தான்.

1887இல் அதே மிட்வேலில் டெய்லரிடம் சேர்ந்தவர் ஹென்றி லாரன்ஸ் கான்ட் (1861–1919). பின்னர் பெத்லஹேம் எஃகு ஆலையில் அவர் கொண்டுவந்த ஊக்கத்தொகை முறையில் ஒரு நுட்பம் இருந்தது. குறித்த வேலையைக் குறித்த நேரத்தில் முடித்த தொழிலாளிக்கு ஊக்கத்தொகை உண்டு. அவரை மேற்பார்த்த மேஸ்திரிக்கும் உண்டு. தம் கீழுள்ள எல்லோருமே முடித்துவிட்டால் மேஸ்திரிக்கு அதற்கும் மேலே ஒரு தொகை. இதனால் மேஸ்திரியின் வேலையே மாறிப்போனது. ஆளை அதட்டுவதைவிட, ஆளுக்கு வேண்டிய பொருளும் கருவியும் நேரத்துக்கு வந்து சேர்கின்றனவா என்று பார்ப்பதே அவருக்கு இலாபமாயிற்று. ஒவ்வொரு தொழிலாளியின் அன்றாடக் கணக்கையும் கான்ட் வரைபடமாகப் போட்டார். ஊக்கத்தொகை பெற்ற நாளுக்குக் கறுப்பு, தவறிய நாளுக்குச் சிவப்பு. ஒரு பட்டறையின் தாளைப் பார்த்தாலே சிவப்பு எங்கே கொத்தாக விழுந்திருக்கிறது என்று தெரியும். ஓர் ஆளின் வரிசை முழுக்கச் சிவப்பென்றால் பயிற்சி போதவில்லை. ஒரே நாளில் எல்லோருக்கும் சிவப்பென்றால் ஆள்மேல் பழியில்லை, அன்று வேறெதுவோ தடைபட்டிருக்கிறது.

கான்ட் வரைபடம் என்று இன்று நாம் அழைப்பது இதிலிருந்து வளர்ந்ததுதான். பக்கவாட்டில் நாட்கள், மேலிருந்து கீழாக வேலைகள். திட்டமிட்ட காலம் ஒரு கோடு, முடிந்த அளவு அதன்மேல் இன்னொரு தடித்த கோடு. இன்றைய தேதியில் ஓர் அடையாளம். தடித்த கோடு அந்த அடையாளத்தைத் தொடவில்லையென்றால் வேலை பிந்துகிறது. காலத்தை நீளமாக வரையும் எண்ணம் புதிதன்று. 1765லேயே ஜோசப் பிரீஸ்ட்லி இரண்டாயிரம் வரலாற்று மனிதர்களின் ஆயுளைக் கோடுகளாக வரைந்து காட்டியிருந்தார். பிரீஸ்ட்லி வரைந்தது நடந்து முடிந்த காலம். கான்ட் வரைந்தது இனி நடக்க வேண்டிய காலம். முதல் உலகப் போரின்போது ஃபிராங்க்ஃபோர்டு ஆயுதசாலையிலும் கப்பல் கட்டும் பணியிலும் இம்முறை புகுந்தது. கான்ட் இறந்தபின் 1922இல் அவருடைய கூட்டாளி வாலஸ் கிளார்க் எழுதிய நூல் இதை உலகம் முழுக்கக் கொண்டுசென்றது.

கான்ட் குழுவினர் இயந்திரங்களுக்கும் இப்படி வரைபடம் போட்டார்கள். ஓர் இயந்திரம் நின்றுபோன நேரத்துக்கு நேராக, ஏன் நின்றது என்பதை ஒற்றை எழுத்தால் குறித்தார்கள்: பொருள் வரவில்லை, ஆள் இல்லை, கருவி இல்லை, பழுது. இந்தச் சிறிய எழுத்தைத்தான் கான்டின் மிகப் பெரிய பங்களிப்பாக நான் கருதுகிறேன். அந்தக் காரணங்களில் பெரும்பாலானவை இயந்திரத்தை இயக்குபவரின் கையில் இல்லாதவை. முதலாளிகளின் நிர்வாகக் குறைதான் வீணாகும் நேரத்தின் பெரும்பகுதிக்குக் காரணம் என்று கடைசிக் காலத்தில் கான்ட் வெளிப்படையாகவே வாதிட்டார். ஆனால் பின்வந்தவர்கள் கோடுகளை வைத்துக்கொண்டு எழுத்துகளை விட்டுவிட்டார்கள். இன்று அலுவலகக் கணினிகளில் நாம் காணும் கான்ட் வரைபடங்களில் எது தாமதம் என்பது தெரியும். எதனால் என்பது பெரும்பாலும் இருக்காது.

போலிஷ் மொழியில் கிடந்த விடை

கான்டுக்கும் முன்பே, 1896இல், கரோல் அடாமியெட்ஸ்கி (1866–1933) என்ற போலந்துப் பொறியாளர் இன்னும் கூர்மையான ஒன்றைச் செய்திருந்தார். அவர் வேலை பார்த்தவை இரும்பு உருட்டாலைகள். பழுக்கக் காய்ந்த இரும்பு ஓர் உருளையிலிருந்து அடுத்த உருளைக்குப் போகும்போது இடையில் நேரம் பிசகினால் இரும்பு ஆறிப்போகும். எந்த ஒரு மேடை மட்டும் வேகமாக ஓடினாலும் பயனில்லை என்பதை அந்த ஆலையில் நின்ற எவரும் கண்ணால் பார்த்திருப்பார்கள். அடாமியெட்ஸ்கி அதற்குக் கணக்குப் போட்டார். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு காகிதப் பட்டை. பட்டையின் தலைப்பில் இந்த வேலைக்கு முன் முடிய வேண்டியவை எவை, இதற்குப் பின் தொடங்க வேண்டியவை எவை என்று எழுதினார். வேலைக்குப் பிடிக்கும் காலத்தை ஒரு துண்டால் காட்டி, பட்டைகளை அருகருகே அடுக்கி, துண்டுகளை மேலும் கீழும் நகர்த்தி, எல்லாம் ஒத்திசையும்வரை பார்த்தார். இதற்கு அவர் வைத்த பெயர் ஹார்மோனோகிராம்.

முன்வேலை, பின்வேலை என்ற இந்த இரண்டு குறிப்புகள் கான்டின் வரைபடத்தில் இல்லை. அறுபது ஆண்டு கழித்து அமெரிக்கா கண்டறிந்தது இவற்றைத்தான். அடாமியெட்ஸ்கி தம் கருத்துகளைப் போலந்து மொழியிலும் ரஷ்ய மொழியிலுமே பேசினார், எழுதினார். ஹார்மோனோகிராம் பற்றிய அவருடைய கட்டுரை 1931இல் போலந்து மொழியில்தான் வந்தது. ஆங்கில உலகம் அதைக் கவனிக்க 1970கள் ஆயிற்று. உலகம் சுற்றாத ஒரு மொழியில் எழுதப்பட்டதாலேயே ஓர் அறிவு எத்தனை காலம் பயன்படாமல் கிடக்கும் என்பதற்கு இதைவிட வேதனையான சான்று எனக்குத் தெரியவில்லை.

எழுதி வைக்காவிட்டாலும் கைத்திறமாக இந்த அறிவு வேறிடங்களிலும் இருந்தது. நியூயார்க்கின் எம்பயர் ஸ்டேட் கட்டடத்துக்கு 1931 மே 1 கெடு. அந்நகரில் வணிகக் கட்டடங்களின் வாடகை ஒப்பந்தங்கள் அன்றுதான் தொடங்குவது வழக்கம். அந்த நாளைத் தவறவிட்டால் ஒரு வருட வாடகையே கைவிட்டுப் போகலாம். 1930 மார்ச் 17இல் கட்டுமானம் தொடங்கியது, குறித்த நாளில் 102 மாடிக் கட்டடம் திறக்கப்பட்டது. ஒரு கட்டத்தில் 3,400க்கும் மேற்பட்டோர் வேலை செய்தார்கள் என்பதைப் பலரும் சொல்வார்கள். செங்கல்லுக்கு என்ன செய்தார்கள் என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஊரின் நடுவே, சரக்கைக் கொட்டிவைக்க இடமில்லாத மனை. தெருவில் கொட்டித் தள்ளுவண்டியில் அள்ளிப்போகும் வழக்கத்தை விட்டு, லாரி வந்ததும் செங்கல் ஒரு சரிவுக் குழாய் வழியே நிலவறைத் தொட்டிக்குள் விழும்படி செய்தார்கள். அங்கிருந்து சிறு வண்டிகளில் நிரப்பி மேலே ஏற்றினார்கள். ஒவ்வொரு தளத்திலும் சின்னத் தண்டவாளம் போட்டு அந்த வண்டிகளைக் கொத்தனார் நிற்கும் இடத்துக்கே தள்ளிச் சென்றார்கள். கொத்தனாரின் கைவேகத்தை யாரும் கூட்டவில்லை. அவர் செங்கல்லுக்காகக் காத்து நிற்கும் நேரத்தைத்தான் எடுத்துவிட்டார்கள்.

வலைப்படம்: 1957

1950களின் நடுவில் டியூபான்ட் இரசாயன நிறுவனம் யூனிவாக் என்ற பெரும் கணினியை வாங்கியிருந்தது. கணக்குவழக்குக்கு மட்டுமின்றி ஆலை கட்டும் வேலையைத் திட்டமிடவும் அதைப் பயன்படுத்த முடியுமா என்ற ஆராய்ச்சியில் இறங்கினார்கள். டியூபான்டின் மார்கன் வாக்கரும், யூனிவாக்கைச் செய்த ரெமிங்டன் ராண்ட் நிறுவனத்தின் ஜேம்ஸ் கெல்லியும் சேர்ந்து 1957இல் உருவாக்கியதே சி.பி.எம். எனப்படும் நெருக்கடிப் பாதை முறை. வேலைகளைக் கோடுகளால் இணைத்து ஒரு வலைப்படமாக்கி, தொடக்கத்திலிருந்து முடிவுவரை செல்லும் பாதைகளில் மிக நீண்டது எது என்று கண்டார்கள். மொத்த வேலையின் காலம் அந்தப் பாதையின் நீளம்தான். மற்றப் பாதைகளில் கொஞ்சம் தளர்வு இருக்கும்.

தமிழ்நாட்டில் பதினோராம் வகுப்பு வணிகக் கணிதத்திலேயே இது பாடமாக இருக்கிறது. பாடத்தில் வட்டங்களும் அம்புகளுமாகப் படிக்கும்போது உறைக்காதது, வீடு கட்டும் இடத்தில் உடனே உறைக்கும். மேல்தளத்துக்குக் கான்கிரீட் போட்டாயிற்று என்று வைத்துக்கொள்வோம். சென்ட்ரிங் பிரிக்க 14 நாள். அதன்பின் சுவரில் ஒயரிங் பைப் பதிக்க 4 நாள். பூச்சு வேலைக்கு 12 நாள். பூச்சு காய 10 நாள். பட்டி பார்த்துப் பெயின்ட் அடிக்க 10 நாள். ஆக 50 நாள். இன்னொரு பக்கம் ஆசாரி பட்டறையில் கதவுகள் செய்ய 20 நாள் பிடிக்கும். பெயின்ட் தொடங்கும் முன், அதாவது 40ஆம் நாளுக்குள், கதவு வந்தால் போதும். ஆகவே ஆசாரிக்கு 20 நாள் தளர்வு. பத்தாம் நாளே அவரை விரட்டுவதில் பயனில்லை. ஆனால் ஒயரிங்காரர் மூன்று நாள் பிந்தி வந்தால் கிரகப்பிரவேசமும் மூன்று நாள் தள்ளிப்போகும். நடைமுறையில் நாம் யாரை விரட்டுகிறோம்? யாருடைய வேலை பெரிதாகக் கண்ணில் படுகிறதோ அவரை. நான்கு நாள் வேலைக்காரரை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை.

அந்த 50 நாளில் 24 நாள் யாருமே எதையும் செய்வதில்லை என்பதையும் பார்க்க வேண்டும். கான்கிரீட் இறுகுகிறது, பூச்சு காய்கிறது. ஸ்டாப்வாட்ச் வைத்து அளந்தால் இந்த நாட்கள் கணக்கிலேயே வராது.

டியூபான்ட் இம்முறையை முதலில் ஓர் ஆலையைக் கட்டும் பணியில் சோதித்தது. பிறகு கென்டக்கி மாநிலம் லூயிவில் நகரிலிருந்த நியோப்ரீன் ஆலையின் பராமரிப்பில் பயன்படுத்தியது. ஆலையை நிறுத்தித்தான் பராமரிக்க முடியும், நின்ற ஒவ்வொரு மணியும் நஷ்டம். வழக்கமாக 125 மணி நேரம் பிடித்த பணி 93 மணி நேரத்தில் முடிந்தது. அவசரம் என்றால் எல்லோரையும் ஓவர்டைம் பார்க்கச் சொல்வதே அதுவரை இருந்த வழக்கம். நெருக்கடிப் பாதையிலுள்ள வேலைகளுக்கு மட்டும் கூடுதல் ஆளும் பணமும் போட்டால் போதும் என்று கெல்லியும் வாக்கரும் காட்டினார்கள். 1959இல் பாஸ்டனில் நடந்த கணினி மாநாட்டில் இதைக் கட்டுரையாக வெளியிட்டார்கள்.

போலாரிஸ்: சாதனையும் திரையும்

அதே ஆண்டுகளில், இவர்களோடு தொடர்பின்றி, அமெரிக்கக் கடற்படை இன்னொரு வலைப்பட முறையை உருவாக்கிக்கொண்டிருந்தது. நீர்மூழ்கிக் கப்பலிலிருந்து ஏவும் போலாரிஸ் ஏவுகணைக்கு முதலில் வைத்த இலக்கு 1963. 1957 அக்டோபர் 4இல் சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக்கை ஏவியதும் கெடு 1960க்கு முன்னே இழுக்கப்பட்டது. அட்மிரல் வில்லியம் ரேபர்ன் தலைமையிலான சிறப்புத் திட்ட அலுவலகமும், பூஸ் ஆலன் ஹாமில்டன், லாக்ஹீட் நிறுவனங்களும் சேர்ந்து 1958இல் அமைத்த முறைதான் பெர்ட்.

ஆலைப் பராமரிப்பில் எந்த வேலைக்கு எத்தனை மணி என்பது அனுபவத்தில் தெரியும். இதுவரை யாரும் செய்யாத ஒன்றைச் செய்யும்போது அது தெரியாது. அதனால் பெர்ட் ஒவ்வொரு வேலைக்கும் மூன்று காலங்களைக் கேட்டது: எல்லாம் கூடிவந்தால் எவ்வளவு, பெரும்பாலும் எவ்வளவு, எல்லாம் கெட்டால் எவ்வளவு. நடுவிலுள்ளதை நான்கால் பெருக்கி, மற்ற இரண்டையும் கூட்டி, ஆறால் வகுத்தால் எதிர்பார்க்கத்தக்க காலம். ஒரு வேலைக்கு 4, 6, 14 வாரம் என்றால் எதிர்பார்ப்பு 7 வாரம். நம் வாய் சொல்வது 6, கணக்கு சொல்வது 7. கெட்டதின் பக்கம் வால் எப்போதும் நீளமாக இருப்பதை இந்த எளிய சூத்திரம் முதன்முறையாகத் திட்டமிடலுக்குள் கொண்டுவந்தது. அது போதாது என்பதும் விரைவிலேயே தெரிந்தது. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத பத்து வேலைகள் முடிந்தால்தான் பதினோராவது தொடங்கும், ஒவ்வொன்றும் நேரத்தில் முடிய நூற்றுக்குத் தொண்ணூறு வாய்ப்பு என்றால், பத்துமே நேரத்தில் முடியும் வாய்ப்பு நூற்றுக்கு 35தான். பல பாதைகள் கூடும் இடத்தில் பெர்ட் கணக்கு நம்மை ஏமாற்றிவிடும் என்று 1964இல் ஆய்வாளர்கள் நிறுவினார்கள்.

கெடு நிறைவேறியது. 1960 ஜூலை 20இல் ஜார்ஜ் வாஷிங்டன் என்ற நீர்மூழ்கிக் கப்பல், நீருக்கடியிலிருந்து போலாரிஸை ஏவியது. புகழ் முழுவதும் பெர்ட்டுக்குப் போயிற்று. 1962இல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையும் நாசாவும் இதன் விரிவான வடிவத்தை ஒப்பந்ததாரர்களுக்கு வழிகாட்டியாக வெளியிட்டன. வரைபடம் வரையத் தெரியாதவனுக்கு ஒப்பந்தம் இல்லை என்ற நிலை பரவியது.

ஆனால் 1972இல் வெளிவந்த ஹார்வி சபோல்ஸ்கியின் ஆய்வு இந்தப் புகழைத் தோண்டிப் பார்த்தது. வேலையை உண்மையில் நடத்திய பொறியாளர்கள் பலர் பெர்ட்டை நம்பியிருக்கவில்லை. வெளியிலிருந்து தலையிட வந்தவர்களைத் தள்ளிநிறுத்தும் திரையாகவே அது அதிகம் பயன்பட்டது. 'எல்லாம் கணினியில் இருக்கிறது' என்று காட்டியதும் கேள்வி கேட்க வந்தவர்கள் திரும்பிப் போனார்கள். கெடு எப்படித்தான் காப்பாற்றப்பட்டது? புதுக் கப்பல் வடிவமைக்கக் காத்திருக்கவில்லை. ஏற்கனவே கட்டிக்கொண்டிருந்த ஒரு தாக்குதல் நீர்மூழ்கியை நடுவில் வெட்டி, ஏவுகணைக் குழாய்கள் கொண்ட சுமார் 130 அடிப் பகுதியை இடையில் செருகினார்கள். 1,500 கடல் மைல் போக வேண்டிய ஏவுகணை, முதல் வடிவத்தில் 1,200 மைல் போனால் போதும் என்று ஏற்றுக்கொண்டார்கள். மீதியை அடுத்த வடிவத்துக்கு விட்டார்கள். ஒன்று காத்திருப்பை வெட்டியது, மற்றொன்று வேலையின் அளவைக் குறைத்தது. வலைப்படம் காட்டியிருக்கக்கூடிய முடிவுகள்தாம் இவை. ஆனால் இவற்றை எடுத்தவர்கள் மனிதர்கள்.

பாம்பன், 46 நாள்

1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயல் தனுஷ்கோடியை அழித்தது. பாம்பனிலிருந்து போன பயணிகள் ரயிலைக் கடல் கொண்டுபோனது. 1914இல் திறக்கப்பட்ட பாம்பன் பாலத்தின் நூற்றுக்கும் மேற்பட்ட கர்டர்கள் பெயர்ந்து கடலில் விழுந்தன. கப்பலுக்காகத் திறக்கும் நடுப்பகுதி மட்டும் தப்பியது. பாலத்தைச் சீரமைக்க ரயில்வே ஆறு மாதக் கெடு வைத்தது. தெற்கு ரயில்வே பொது மேலாளர் அதை மூன்று மாதமாகக் குறைத்தார். பொறுப்பேற்ற இளம் பொறியாளர் இ. ஸ்ரீதரன் 46 நாளில் முடித்தார்.

இந்தக் கதையை வீரச்செயலாகவே சொல்லிச்சொல்லிப் பழகிவிட்டோம். இராப்பகலாக உழைத்தவர்களின் வியர்வையை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் ஆறு மாதம் என்ற கணக்கு எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். அத்தனை கர்டர்களையும் புதிதாகச் செய்து கொண்டுவர வேண்டியிருந்தால் காலம் முழுவதும் பட்டறையில்தான் கழிந்திருக்கும். தூண்களின்மேல் ஏற்றிப் பொருத்துவது அதற்குப் பின்புதான். விழுந்த கர்டர்கள் கடலடியில் கிடப்பது தெரிந்ததும் அவற்றை மீட்டெடுத்து, திரும்பப் பயன்படுத்த முடிவு செய்தார்கள். மிக நீண்ட பாதையிலிருந்த மிகப் பெரிய காத்திருப்பு அதோடு பட்டியலிலிருந்தே போய்விட்டது. பின்னர் நாளுக்கு நாள் கர்டர் ஏற்றும் வேகத்தைக் கூட்டியதற்குப் பலன் இருந்தது. பட்டறைக்காகக் காத்திருந்தால் எத்தனை வேகமும் வீண்தான்.

ஆளைக் கூட்டினால்

சி.பி.எம். சொன்னதைத் தவறாகப் புரிந்துகொண்டால், பிந்துகிற வேலையில் ஆளைக் கூட்டினால் போதும் என்று தோன்றும். செங்கல் சுமப்பதற்கு அது பொருந்தும். ஐ.பி.எம். நிறுவனம் 1964 ஏப்ரலில் அறிவித்த சிஸ்டம்/360 கணினிகளுக்கான இயக்கமுறைமை மென்பொருளில் அது பொருந்தவில்லை. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் ஒரு கட்டத்தில் அதில் வேலை பார்த்தும் கெடு தவறியது. அதற்குத் தலைமை தாங்கிய ஃபிரெட் புரூக்ஸ் தம் அனுபவத்தை 1975இல் நூலாக எழுதினார். பிந்திவிட்ட மென்பொருள் திட்டத்தில் ஆள் சேர்த்தால் அது இன்னும் பிந்தும் என்பது அவர் கண்ட விதி. புதியவருக்கு வேலையைச் சொல்லிக்கொடுப்பவர் பழையவர்தான். மேலும், ஐந்து பேர் என்றால் இருவர் இருவராகப் பேசிக்கொள்ளும் வழிகள் 10. பத்துப் பேர் என்றால் 45. ஆள் இரண்டு மடங்கானால் ஒருவருக்கொருவர் காத்திருக்கும் இடங்கள் நான்கு மடங்குக்கும் மேலாகின்றன. புரூக்ஸ் பேசியதும் காத்திருப்பைப் பற்றித்தான். இம்முறை அது பொருளுக்கான காத்திருப்பு இல்லை, பதிலுக்கான காத்திருப்பு.

கெடுவைப் பற்றிப் பேசும் எவரும் பார்க்கின்சன் விதியை இழுக்காமல் விடுவதில்லை. நேரம் எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவுக்கும் வேலை பெருகும் என்று சொல்லி, கெடுவை இறுக்கினால் எல்லாம் சரியாகும் என்று முடிப்பார்கள். சிங்கப்பூரில் மலாயாப் பல்கலைக்கழக வரலாற்றுப் பேராசிரியராக இருந்த நார்த்கோட் பார்க்கின்சன் 1955 நவம்பரில் அந்தக் கட்டுரையை எழுதியபோது அவருடைய கவலை தனிமனிதச் சோம்பல் அன்று. வேலை கூடினாலும் குறைந்தாலும் அரசு அலுவலகங்களில் அதிகாரிகளின் எண்ணிக்கை பெருகிக்கொண்டே போவதைப் பற்றியதுதான் அவர் வாதம். ஒரு கோப்பு எத்தனை மேசையில் காத்திருக்கிறது என்று காட்டிய கட்டுரையை, ஊழியரை விரட்டுவதற்கான மேற்கோளாக்கிவிட்டது பின்வந்த மேலாண்மை எழுத்து.

நாள் குறிக்கும் மனம்

மூன்றாவது கேள்வி உளவியலாளர்களிடமிருந்து வந்தது. டேனியல் கானமனும் ஏமஸ் ட்வெர்ஸ்கியும் 1970களின் இறுதியில், மனிதர்கள் தம் வேலைக்குக் காலம் கணிக்கும்போது திரும்பத்திரும்ப ஒரே திசையில் தப்புகிறார்கள் என்று எழுதினார்கள். தம் வாழ்விலிருந்தே கானமன் பின்னர் ஓர் எடுத்துக்காட்டுத் தந்தார். இஸ்ரேலில் ஒரு பாடத்திட்டக் குழு தம் வேலைக்கு இரண்டாண்டு பிடிக்கும் என்று கணித்தது. இதுபோன்ற குழுக்கள் முன்பு எத்தனை ஆண்டு எடுத்துக்கொண்டன என்று குழுவிலிருந்த கல்வியாளரைக் கேட்டபோது, ஏழு முதல் பத்தாண்டு என்றார். அவரே சற்றுமுன் இரண்டாண்டு என்று எழுதிக்கொடுத்தவர்களில் ஒருவர். வேலை முடிய எட்டாண்டு ஆயிற்று.

1994இல் புலர், கிரிஃபின், ராஸ் ஆகியோர் கனடாவில் பட்ட ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த மாணவர்களிடம் எப்போது முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரிப் பதில் 33.9 நாள். எல்லாமே மோசமாகப் போனால்? 48.6 நாள். உண்மையில் ஆனது 55.5 நாள். தாம் கற்பனை செய்த படுமோசமான நிலையைவிடவும் உண்மை பிந்தியது. முந்தைய தாமதங்கள் அவர்களுக்கு மறந்துபோகவில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு தனிக்காரணம் சொல்லி ஒதுக்கிவைத்திருந்தார்கள்: அப்போது காய்ச்சல், அப்போது கணினி கெட்டுப்போனது. ஆகவே தன் வேலைக்கு நாள் குறிப்பவர் திட்டத்தைப் பார்த்துக் குறிக்காமல், இதே மாதிரி வேலைகள் முன்பு எடுத்துக்கொண்ட காலத்தைப் பார்த்துக் குறிக்க வேண்டும் என்பது இந்த ஆய்வு மரபின் முடிவு. சிட்னி ஓபரா மாளிகை 1963இல் 70 இலட்சம் டாலரில் முடியும் என்று கணித்து, 1973இல் 10 கோடியே 20 இலட்சம் டாலரில் முடிந்ததை இந்த மரபினர் அடிக்கடி காட்டுவார்கள்.

தள்ளிப்போடுதல் இதோடு சேர்ந்த இன்னொரு நோய். டான் ஏரியலியும் கிளாஸ் வெர்ட்டன்பிராக்கும் 2002இல் வெளியிட்ட சோதனை ஒன்றில், மூன்று கட்டுரைகளைப் பிழை திருத்தித் தர மூன்று வாரம் கொடுத்தார்கள். வாரத்துக்கு ஒன்றாகக் கெடு வைக்கப்பட்டவர்களே அதிகப் பிழைகளைக் கண்டார்கள், குறைவாகப் பிந்தினார்கள். தாமே கெடு வைத்துக்கொண்டவர்கள் அடுத்த நிலை. மூன்றுக்கும் கடைசி நாள் ஒன்றே என்று விடப்பட்டவர்கள் எல்லாவற்றிலும் கடைசி. ஆய்வு மாணவர்களுக்கு வழிகாட்டும் எவரும் இதைப் படித்தே ஆக வேண்டும் என்பேன். மூன்றாண்டுக்கு ஒரே கெடு வைத்துவிட்டு, மூன்றாம் ஆண்டின் இறுதியில் மாணவரைக் கடிந்துகொள்வது பெரும் அநீதி.

தில்லி மெட்ரோவின் பின்னோக்கிய கடிகாரம்

பாம்பனில் தொடங்கிய ஸ்ரீதரன் கொங்கண் ரயில்வேயிலும் தில்லி மெட்ரோவிலும் பணியிடங்களில் பின்னோக்கிய கடிகாரங்களை வைத்தார். கெடுவுக்கு இன்னும் எத்தனை நாள் என்று எண்கள் இறங்கிக்கொண்டே வரும். தில்லி மெட்ரோ என்றாலே செய்திகளில் இந்தக் கடிகாரம் பேசப்பட்டது. என் பார்வையில் அதைவிடப் பெரிய காரணம், அந்த அமைப்பின் வடிவம். 1995இல் மத்திய அரசும் தில்லி அரசும் சமபங்கு கொண்ட ஒரு நிறுவனமாக அது பதிவானது. ஒரு முடிவுக்கு அமைச்சகம் அமைச்சகமாகக் கோப்பு போய்க் காத்திருக்கத் தேவையில்லாமல், நிறுவனத்துக்குள்ளேயே பெரும்பாலானவற்றை முடிவு செய்ய முடிந்தது. 2002 டிசம்பரில் ஷாதரா–தீஸ் ஹசாரி முதல் தடம் திறந்தது. சுமார் 65 கி.மீ. கொண்ட முதல் கட்டம் 2005இல், திட்டமிட்டதற்கு முன்பே நிறைவடைந்தது.

அதே நிறுவனம், அதே பயிற்சி பெற்ற பொறியாளர்கள், அதே பழக்கவழக்கங்கள் இருந்தும் மூன்றாம் கட்டத்தில் நடந்தது வேறு. இளஞ்சிவப்புத் தடத்தின் பகுதிகள் 2018 மார்ச் தொடங்கி ஒவ்வொன்றாகத் திறந்து, அந்த ஆண்டு டிசம்பர் 31க்குள் ஏறத்தாழ முழுத் தடமும் ஓடியது. மயூர் விகார் பாக்கெட் 1க்கும் திரிலோக்புரிக்கும் இடையே மட்டும் ஒரு சிறு துண்டு இணையவில்லை. அங்கே குடியிருந்தவர்களின் மறுவாழ்வு, நிலம் கைக்கு வருவது ஆகிய இரண்டும் முடியாமல் தூண் எழுப்ப முடியவில்லை. அந்த ஒன்றரை கி.மீ. 2021 ஆகஸ்ட் 6இல்தான் திறந்தது. இடைப்பட்ட இரண்டரை ஆண்டும், சுமார் 58 கி.மீ. நீளத் தடம் இரண்டு துண்டுகளாகவே ஓடியது. எத்தனை சதவீதம் முடிந்தது என்று கணக்கெடுத்த எந்த அறிக்கையிலும் அந்தத் தடம் கிட்டத்தட்ட முழுமை என்றே காட்டியிருக்கும். அந்த வழியே போக வேண்டிய பயணி மயூர் விகாரில் இறங்கி, திரிலோக்புரிவரை வேறு வண்டி பிடித்துக்கொண்டிருந்தார்.